சிங்கப்பூரில் புதுக் கார் வாங்கப் போகிறீர்களா? எதில் பேரம் படியும், எதில் படியாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மச்சினனோடு லெங் கீ சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, ஸ்ட்ரோலரோடு பேருந்தில் ஏறி இறங்க முடியவில்லை என்று கார் வாங்க முடிவெடுத்திருந்தான். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. விற்பனையாளர் இரண்டு மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "மாசம் எவ்ளோ கட்டலாம்னு இருக்கீங்க பாஸ்?" மச்சினன் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பேரம் கைவிட்டுப் போய்விடும். 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொன்னால், எந்தக் காரையும் 1,500க்குள் அடக்கிக் காட்டுவார்கள். தவணையை ஏழு வருடத்துக்கு இழுப்பார்கள், முன்பணத்தை ஏற்றுவார்கள், பழைய காரின் விலையைக் கூட்டிப் புதுக் காரின் தள்ளுபடியைக் குறைப்பார்கள். மாதத் தொகை பொருந்தும். மொத்தம் எவ்வளவு போனது என்று பத்து வருடம் கழித்துத்தான் உறைக்கும்.

சிங்கப்பூரில் கார் பேரம் மற்ற ஊர்களில் மாதிரி இல்லை. விலையில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போகிறது. அதில் ஒரு காசு குறையாது. பேரத்துக்கு மிஞ்சுவது ஒரு சின்னத் துண்டுதான். அந்தத் துண்டையும் நான்கைந்து இடங்களில் பிரித்து வைத்திருப்பார்கள்: முகவரின் லாபத்தில், சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்து வருட உரிமைச் சான்றிதழ்) நிபந்தனையில், கடன் வட்டியில், பழைய காரின் விலையில், சில்லறைக் கட்டணங்களில். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றில் எடுப்பதுதான் அவர்கள் தொழில். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேச வேண்டும், ஒன்றோடு ஒன்றைக் கலக்க விடக்கூடாது. கீழே நான் சொல்வது முழுக்க இதைச் செய்யும் வழிதான்.

முதல் வேலை: வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

ஷோரூமுக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் காரின் அடக்க விலையைப் போட்டுப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

தொடக்கம் ஓஎம்வி. கார் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அதன் மதிப்பு என்ன என்று சுங்கத்துறை நிர்ணயிக்கும் தொகை. கொள்முதல் விலை, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் அதில் அடக்கம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலும் கார் விற்பனைத் தளங்களிலும் மாடல் வாரியாகக் கிடைக்கும்.

ஒரு காரின் ஓஎம்வி 22,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

சுங்க வரி ஓஎம்வியில் 20 விழுக்காடு: 4,400.
இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி: 2,376.
ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம்: முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 2,000க்கு 140 விழுக்காடு. ஆக 22,800.
பதிவுக் கட்டணம்: 350.

எல்லாம் சேர்ந்து 51,926 வெள்ளி. சிஓஇ 100,000 என்று எடுத்துக்கொண்டால் 151,926. இதே கார் ஷோரூமில் 172,888க்கு நிற்கிறது என்றால் நடுவில் இருப்பது 20,962 வெள்ளி. உங்கள் பேர மைதானம் அவ்வளவுதான். அதுவும் முழுக்க லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஷோரூம் வாடகை, விற்பனையாளர் கமிஷன், வாரண்டிச் செலவு, முதல் சாலை வரி, எண் பலகை, லாபத்தின் மேல் விழும் ஜிஎஸ்டி எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். "பத்தாயிரம் குறைங்க" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அவர் சிரிப்பதற்குக் காரணம் இதுதான். 3,000, 4,000 என்று கேட்டால் சிரிக்க மாட்டார், மேலாளரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவார்.

ஏஆர்எஃப் படிகளை ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஓஎம்வியின் 20,000 வரை 100 விழுக்காடு, 40,000 வரை 140, 60,000 வரை 190, 80,000 வரை 250, அதற்குமேல் 320. 2023 பட்ஜெட்டிலிருந்து இந்தக் கணக்கு. ஒரு மாடலில் உயர்ந்த ரகத்துக்கு ஓஎம்வி 5,000 கூடினால் விலை ஏன் 12,000, 13,000 கூடுகிறது என்பது இதைப் பார்த்தால் புரியும். சன்ரூஃபுக்கும் நாம் வரி கட்டுகிறோம்.

புகை வெளியீட்டைப் பொறுத்து விஇஎஸ் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ உண்டு. மின்சாரக் கார் என்றால் இது பெரிய தொகை. ஆனால் அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கணக்கில் வருவது கார் பதிவாகும் நாள், நீங்கள் முன்பதிவு செய்த நாள் கணக்கில்லை. நவம்பரில் கையெழுத்துப் போட்டு, சிஓஇ கிடைக்காமல் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் தள்ளுபடி குறையலாம். அப்படி நடந்தால் வித்தியாசத்தை யார் கட்டுவது? ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாரோடு பேரம் பேசுகிறோம்

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர், "நாலு டீலருக்கு மெயில் போட்டு மோத விடுவேன்" என்கிறார்கள். இங்கே பெரும்பாலான பிராண்டுகளுக்குத் தீவு முழுக்க ஒரே அதிகாரபூர்வ முகவர்தான். யாரை யாரோடு மோத விடுவது?

மோத விடக்கூடியவர்கள் வேறு. முதலாவது, யூபியிலும் காக்கி புக்கிட்டிலும் இருக்கும் பேரலல் இம்போர்ட் கடைகள். அதே காரை ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ நேரடியாக இறக்குபவர்கள். விலை பல நேரம் குறைவாக இருக்கும். ஆனால் வாரண்டி அவர்களுடையது, தயாரிப்பாளருடையது இல்லை. வசதிகளும் அச்சசலாக ஒத்துப்போகாது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஒப்பந்தத்தில் எழுதிய ஓஎம்வியைவிடப் பதிவாகும்போது குறைவாக வந்தால் எனக்கு எவ்வளவு திரும்ப வரும்?" ஓஎம்வி குறைந்தால் ஏஆர்எஃப் குறையும், அந்த மிச்சம் சும்மா அவர்கள் பையில் போகக்கூடாது.

இரண்டாவது, போட்டிப் பிராண்டு. எதிர்ச் சாரியில் இருக்கும் கொரியக் காரின் விலைத்தாள் உங்கள் கையில் இருந்தால், ஜப்பானியக் கார்க்காரர் குரல் கொஞ்சம் இளகும்.

மூன்றாவது, அதே ஷோரூமின் இன்னொரு விற்பனையாளர். பட்டியல் விலை ஒன்றாக இருந்தாலும், தன் கமிஷனிலிருந்து எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு எச்சரிக்கை: வாசலிலேயே உங்கள் கைத்தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டால், பல இடங்களில் நீங்கள் அந்த ஆளின் வாடிக்கையாளர் என்று பதிவாகிவிடும். பிறகு வேறொருவர் உங்களைத் தொட மாட்டார். யாரோடு பேசுவது என்று தீர்மானிக்கும் வரை எண்ணைக் கொடுக்காமல் சுற்றிப் பாருங்கள்.

சிஓஇ: பணம் அதிகம் நழுவும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நானே வழுக்கி விழுந்த இடம்.

ஏலம் மாதத்துக்கு இருமுறை. வழக்கமாகத் திங்கட்கிழமை நண்பகலில் தொடங்கிப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடியும். 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் மேற்படாத கார்கள் ஏ பிரிவு; மின்சாரக் கார் என்றால் 110 கிலோவாட் வரை. அதைத் தாண்டினால் பி பிரிவு. இந்த எல்லைக்குள் நுழைப்பதற்காகவே சில மாடல்களின் சக்தியைக் குறைத்து இங்கே இறக்குகிறார்கள். ஒரே கார், ஒரே தோற்றம், இரண்டு பிரிவில் இரண்டு விலை. விளம்பரத்தில் எது, கண்காட்சியில் நிற்பது எது என்று கிலோவாட் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தில் வென்ற எல்லாரும் கட்டுவது ஒரே விலை. நீங்கள் 115,000 கேட்டிருந்தாலும், முடிவு 100,000 என்றால் 100,000தான். இதை மறக்காதீர்கள், "உங்களுக்காக உயர்த்திக் கேட்டோம்" என்று யாராவது சொன்னால் உதவும்.

கடைகள் சிஓஇயைச் சேர்த்தே காரை விற்கின்றன. இரண்டு வகை உண்டு. கேரண்டி சிஓஇ என்றால், ஏலம் எவ்வளவு ஏறினாலும் ஒப்புக்கொண்ட விலைதான். குறிப்பிட்ட காலத்துக்குள் கார் வந்துவிடும். கேரண்டி இல்லாதது என்றால், ஒரு குறிப்பிட்ட தொகைவரை உங்களுக்காக மூன்று முறையோ ஆறு முறையோ ஏலம் கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் "டாப் அப் பண்ணுங்க" என்று தொலைபேசி வரும், அல்லது முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். பழைய காரின் சிஓஇ முடியப் போகிறது, பிள்ளை பிறக்கப் போகிறது என்று அவசரம் இருப்பவர்களுக்கு கேரண்டிதான் என் யோசனை. ஏறுமுகச் சந்தையில் கேரண்டி இல்லாததை எடுத்தவர்கள் மூன்று ஏலமும் தோற்று, கடைசியில் கேரண்டி விலையைவிட அதிகம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவசரமில்லாதவர், விலை இறங்கும் என்று நம்புகிறவர், காத்திருக்கலாம்.

அடுத்து வருவது சிஓஇ ரிபேட் அளவு. விலைத்தாளின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். ஏலம் அந்த அளவுக்குக் கீழே முடிந்தால் வித்தியாசம் உங்களுக்கு. அதற்கு மேலே, ஆனால் உங்கள் விலைக்கு அடிப்படையாக எடுத்த சிஓஇக்குக் கீழே முடிந்தால் வித்தியாசம் கடைக்கு.

என் கதையைக் கேளுங்கள். 2023 அக்டோபர் இரண்டாம் ஏலத்தில் ஏ பிரிவு 106,000 வெள்ளிக்குப் போனது. இன்னும் ஏறும் என்று எல்லாரும் சொன்னார்கள். கோப்பிக்கடையில் அதே பேச்சு, அலுவலகத்தில் அதே பேச்சு. நான் பயந்துபோய் அந்த வார இறுதியிலேயே ஒரு சின்ன ஹைப்ரிட் காருக்குக் கையெழுத்துப் போட்டேன். 2,000 வெள்ளி தள்ளுபடி வாங்கிவிட்ட பெருமை வேறு. ரிபேட் அளவு 90,000 என்று தாளில் இருந்தது. அதைப் பார்த்தேன், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார் விற்பனையாளர், நானும் தலையாட்டினேன். நவம்பர் முதல் ஏலத்தில் ஏ பிரிவு 95,689. கடைக்கு 10,311 மிச்சம். எனக்கு ஒரு காசு இல்லை. ரிபேட் அளவை 100,000 என்று வைக்கச் சொல்லியிருந்தால் 4,311 திரும்ப வந்திருக்கும். 2,000 தள்ளுபடிக்காக ஒன்றரை மணி நேரம் வாதாடிய நான், இந்த ஒரு வரியைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அதே ஏலத்தில் பி பிரிவு 150,001லிருந்து 110,001க்கு விழுந்தது. பெரிய கார் எடுத்து இதே தப்பைச் செய்தவர்களை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

ஆகவே பேரத்தில் கேட்க வேண்டியது: ரிபேட் அளவைக் கடைசி ஏல விலைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். இந்தக் கோரிக்கைக்குக் கடை எளிதில் இசைவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இன்று அவர்கள் பணம் எதுவும் போவதில்லை. ஏலம் இறங்கினால்தான் போகும். கேரண்டி இல்லாத ஒப்பந்தம் என்றால், உங்கள் ஏலத் தொகைக்கும் முடிவான விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் உங்களுக்குத்தான் என்று எழுதி வாங்குங்கள்.

எப்போது போவது? ஏலம் முடிந்த பிறகு விலைத்தாள் மாறும். விலை இறங்கிய வாரத்தில் ஷோரூமில் உட்கார இடமிருக்காது. அன்று பேரம் படியாது. ஏறிய வாரத்தில், மாதக் கடைசியில், வார நாள் மத்தியானம் போய்ப் பாருங்கள். காற்றாடும். விற்பனை இலக்கு எட்டாத ஆளிடம் பேசுவது வேறு அனுபவம்.

2008 நவம்பரில் ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்குப் போனதை என் மாமனார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் வாங்கவில்லை.

பேச்சு எப்படிப் போக வேண்டும்

நான் மச்சினனுக்கு எழுதிக் கொடுத்த வாட்ஸ்அப் செய்தி இது. மூன்று விற்பனையாளர்களுக்கு அனுப்பினான்:

"வணக்கம். இந்த மாடல், இந்த ரகம், வெள்ளை நிறம். கேரண்டி சிஓஇ. எல்லாக் கட்டணமும் சேர்த்து, நான் கையில் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு? உங்கள் கடன் எடுக்காமல் ஒரு விலை, எடுத்தால் ஒரு விலை, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பழைய கார் எதுவும் இல்லை. ரிபேட் அளவு என்ன? கார் எந்த ஆண்டில் தயாரானது?"

கடைசிக் கேள்வி முக்கியம். போன ஆண்டு தயாராகிக் கிடங்கில் நிற்கும் காருக்கு நிச்சயம் கூடுதலாகக் குறைக்கச் சொல்லலாம்.

இருவர் விலையை எழுதி அனுப்பினார்கள். ஒருவர் "ஷோரூமுக்கு வாங்க, நேர்ல பேசலாம்" என்றார். நேரில் பேசலாம் என்பவரை நான் விட்டுவிடுவேன்; எழுத்தில் தர முடியாத விலை, மேசைக்கு எதிரில் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்து வரும்?

நேரில் போனபோது நடந்தது இது. விற்பனையாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, விலையை எழுதி, அடித்து, கீழே 1,500 குறைத்து எழுதினார். பேனாவை மச்சினன் பக்கம் நகர்த்தினார். அவன் என்னைப் பார்த்தான். நான் மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் யாரும் பேசவில்லை. அவரே மறுபடி பேனாவை எடுத்து, "சரி பாஸ், சோலார் ஃபிலிம், கேமரா ஃப்ரீ" என்றார். "ஃப்ரீ வேணாம், அதுக்கு என்ன விலையோ அதைக் குறைச்சிடுங்க" என்றான் மச்சினன். வெளியே வந்த பிறகு, "அத்தான், காலை மிதிக்காம இருந்திருந்தா நான் எப்பவோ ஓகே சொல்லியிருப்பேன்" என்றான்.

"இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்பார்கள். அடுத்த ஏலத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் இன்று மாலைக்குள் என்பது உண்மையில்லை.

கடன்: தள்ளுபடியைத் திருப்பி எடுக்கும் இடம்

நாணய ஆணையத்தின் விதிப்படி, ஓஎம்வி 20,000க்குள் இருந்தால் காரின் விலையில் 70 விழுக்காடு வரை கடன், அதைத் தாண்டினால் 60 விழுக்காடு. அதிகபட்சம் ஏழு வருடம். நம்முடைய 22,000 ஓஎம்வி காருக்கு 172,888இல் 40 விழுக்காடு, அதாவது சுமார் 69,155 வெள்ளி கையில் இருக்க வேண்டும். முன்பணமே வேண்டாம் என்று விளம்பரம் செய்பவர்கள் வேறு பெயரில் வேறு கடனைக் கட்டித்தான் அப்படிச் செய்கிறார்கள். ஒதுங்கிப் போய்விடுங்கள்.

ஷோரூமில் சொல்லும் வட்டி ஃப்ளாட் ரேட். கடன் குறையக் குறைய வட்டி குறையாது. 100,000 வெள்ளிக்கு ஏழு வருடம் 2.78 விழுக்காடு என்றால் மொத்த வட்டி 19,460, மாதத் தவணை சுமார் 1,422. உண்மை வட்டி விகிதம் கிட்டத்தட்ட 5.2 விழுக்காடு. வங்கியின் உண்மை விகிதத்தோடு ஷோரூமின் ஃப்ளாட் விகிதத்தை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். இரண்டு பக்கமும் மொத்த வட்டி எத்தனை வெள்ளி என்று கேளுங்கள்.

"எங்க லோன் எடுத்தா 3,000 கம்மி" என்பது வழக்கமான பேச்சு. கடன் கொடுப்பவரிடமிருந்து கடைக்குக் கமிஷன் வருகிறது, அதனால்தான். வெளியே வங்கியில் 2.28 விழுக்காடு கிடைக்கிறது என்றால், அதே 100,000க்கு வட்டி 15,960. வித்தியாசம் 3,500. தள்ளுபடியை வாங்கி 500 வெள்ளி நஷ்டம்! சில நேரம் கணக்கு மறுபக்கமும் சாயும். அப்போது கூச்சப்படாமல் அவர்கள் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் ஒரு வங்கியிடமாவது விகிதத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது அதற்குத்தான்.

தள்ளுபடிக்காகக் கடனை எடுத்து, அடுத்த வருடமே அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. முன்கூட்டி அடைக்கும்போது வட்டியைப் பிரிக்க 78 விதி என்று ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கம். வட்டியின் பெரும்பகுதி முதல் வருடங்களிலேயே விழும். ஏழு வருடக் கடனை இரண்டு வருடத்தில் முடித்தால், காலத்தில் கால் பங்கு கொஞ்சம் தாண்டியிருக்கும், ஆனால் வட்டியில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். மேலே சொன்ன கடனில் 9,485 வெள்ளி. அதற்குமேல் முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம்.

பழைய கார் இருந்தால்

புதுக் காரின் விலை எழுத்தில் வரும் வரை பழைய காரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "ஓவர்டிரேட்" என்று விளம்பரம் போடுவார்கள்: சந்தை விலையைவிட 5,000 கூட. அந்த 5,000 புதுக் காரின் தள்ளுபடியிலிருந்து எடுத்தது.

பழைய காருக்கு அரசாங்கம் திருப்பித் தரும் தொகை எவ்வளவு என்று ஒன்மோட்டரிங்கில் சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) போட்டுப் பார்த்துவிடலாம்: சிஓஇயில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை, பத்து வருடத்துக்குள் என்றால் பார்ஃப் தொகை, அதாவது கட்டிய ஏஆர்எஃபில் திரும்ப வரும் பங்கு. அதுதான் அடிமட்ட விலை. அதற்குமேல் உடலுக்கு, அதாவது காரின் உடம்புக்கு, ஏற்றுமதிக்காரரோ பழைய கார் கடையோ எவ்வளவு தருகிறார் என்று இணைய ஏலத் தளங்களில் இரண்டு மூன்று விலை வாங்குங்கள். ஷோரூம் அதை மிஞ்சினால் அங்கேயே கொடுக்கலாம். சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்கும் வசதிக்கு ஒரு மதிப்பு உண்டு.

பார்ஃப் என்றதும் ஒன்று: புதுக் காருக்கும் இது பொருந்தும். பார்ஃப் விழுக்காடும் உச்சவரம்பும் பட்ஜெட்டுகளில் மாற்றப்படுபவை. 2023இல் 60,000 வெள்ளி வரம்பு வந்தது. உங்கள் கார் எந்தத் தேதி விதியின் கீழ் வருகிறது என்று ஆணையத்தின் தளத்திலேயே பாருங்கள். விற்பனையாளர் காட்டும் ஆண்டுத் தேய்மானக் கணக்கு பழைய விழுக்காட்டில் போட்டதாக இருக்கலாம்.

சில்லறைகள்

நிர்வாகக் கட்டணம், சிஓஇ ஏலச் சேவைக் கட்டணம், கடன் விண்ணப்பக் கட்டணம், எண் பலகை, ஓபியு (சாலைக் கட்டணம் கழிக்கும் கருவி) பொருத்துதல், முதல் சாலை வரி. ஒவ்வொன்றும் விலையில் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். அரசாங்கத்துக்குப் போவது எது, கடைக்குப் போவது எது என்றும் பிரித்துக் கேளுங்கள். நிர்வாகக் கட்டணம் முழுக்கக் கடையுடையது. சேர்க்க வேண்டாம் என்று சொல்லலாம். விருப்ப எண் வேண்டும் என்றால் ஆணையத்தில் நீங்களே ஏலம் கேட்கலாம், தொடக்கம் 1,000 வெள்ளி.

காப்புறுதியை அவர்கள் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று தள்ளுபடியோடு முடிச்சுப் போடுவார்கள். உங்கள் என்சிடியை (இழப்பீடு கோராத வருடங்களுக்கான காப்புறுதித் தள்ளுபடி) சொல்லி வெளியே இரண்டு விலை வாங்கி, கடனுக்குச் செய்த அதே கணக்கை இதற்கும் போடுங்கள்.

சோலார் ஃபிலிம் இலவசம் என்றால் எந்த ஃபிலிம் என்று கேளுங்கள். முன்கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு, பின்னால் 25 விழுக்காடு ஒளியாவது விட வேண்டும் என்பது விதி. பெயின்ட் கோட்டிங்குக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். அது என் அபிப்பிராயம்.

"வெளியே சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்" என்று சொல்லிச் சர்வீஸ் பேக்கேஜ் விற்பார்கள். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டு, 2017இல் பெரிய முகவர்கள் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். வாரண்டிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்.

கையெழுத்துக்கு முன்

வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லையென்றால் இல்லை. மொத்த விலை, சிஓஇ வகை, எத்தனை ஏலம், எந்தத் தேதிக்குள் கார், ரிபேட் அளவு, ஓஎம்வி, விஇஎஸ் மாறினால் யார் பொறுப்பு, இலவசங்களின் பெயரும் ரகமும், கார் வராவிட்டாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். இவை எல்லாம் எழுத்தில் வேண்டும். வெற்றுக் கட்டங்கள் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் நிரப்பிக்கறேன்" என்றால், "அப்போ அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லுங்கள்.

முன்பதிவுக்குக் கட்டும் முன்பணத்தை எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள். சின்னக் கடைகள் முன்பணத்தோடு மூடிக்கொண்டு போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். பேரலல் இம்போர்ட் கடை என்றால், பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் சொல்வதை நம்பாமல் சங்கத்தின் பட்டியலில் தேடுங்கள். தகராறு வந்தால் முதலில் போவதும் அந்தச் சங்கத்திடம்தான். பிறகு 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்.

கார் கைக்கு வரும் நாள்

பகலில் போங்கள். மழையில் நனைந்த காரையோ, கூரையடியில் மங்கலான விளக்கில் நிற்கும் காரையோ பெற்றுக்கொள்ளாதீர்கள், கீறல் தெரியாது. கதவு இடைவெளிகள், டயர்களின் தயாரிப்பு வாரம், மைலேஜ், ஓபியு திரை, ஏசி, எல்லாக் கண்ணாடிகளும். குறை இருந்தால் ஒப்படைப்புப் படிவத்திலேயே எழுதிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்தது என்று 2012 முதல் நடப்பில் உள்ள எலுமிச்சைச் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா') எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் வேலை.

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள், கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுங்கள் (இது வேறு எலுமிச்சை). இரவு உட்கார்ந்து ஒன்மோட்டரிங்கில் காரின் பதிவு விவரத்தைத் திறங்கள். ஓஎம்வி, கட்டிய ஏஆர்எஃப், சிஓஇக்குக் கட்டிய தொகை மூன்றும் அதில் இருக்கும். ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிடுங்கள். மச்சினன் காருக்கு சிஓஇ ரிபேட் அளவைவிட 1,200 குறைவாக முடிந்திருந்தது. கடையிலிருந்து யாரும் அழைக்கவில்லை. அவனே படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினான். "ஆமா பாஸ், அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன்" என்று பதில் வந்தது. இரண்டு வாரத்தில் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது.